பலகைக்குப் பின்னால்

டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவளுக்குக் கையில் வேலை ஓடுமா? ஓடவில்லை.

போன வாரம் நாம் விட்ட இடத்தில், நம் தையல்காரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளினிக் படி இறங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பெண்ணை யாராவது இடுப்பில் தூக்குவார்களா என்று கேட்காதீர்கள். மூச்சிரைக்கிற பிள்ளையை எந்த வயதிலும் தூக்கத்தான் தோன்றும். "வீட்டுல எங்கயாவது ஓதம் இருக்கா? சுவத்துல கறுப்பா ஏதாவது பூத்திருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டதும், "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. வீட்டைப் பளிச்சுன்னு வெச்சிருப்பேன்" என்று வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. எல்லாம் மானத்துக்குப் பயந்துதான். பாத்ரூம் கூரை மூலை கறுத்துக் கிடந்ததும், சோப்பு வைக்கிற திட்டுக்குக் கீழே பூசணம் படர்ந்திருந்ததும் நாக்கு நுனி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.

அந்தப் பொய் அன்றிலிருந்து நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்திருந்தது. இன்றைக்கோ சாயங்காலம் வீட்டுக்காரம்மா வருகிறாள். ஒப்பந்தம் முடிகிறது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் புதுப்பிப்பாளாம்.

"பாத்ரூமைப் பாத்தா என்ன சொல்லுவாங்களோ" என்றாள் தையல்காரி, காலையில் கணவன் கிளம்பும்போது.

"என்ன சொல்றது? நான் மத்தியானம் வந்து ஒரு கோட் இழுத்துடறேன். பெயிண்டர் வீட்டுச் சுவத்துல அழுக்கைக் காட்டிடுவாங்களா?" என்று சிரித்தான் அவன்.

அவனை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரம்மாவுக்குச் சொந்தமான மற்ற வீடுகளுக்கும் அவன்தான் அடித்துக்கொடுப்பான். பாத்ரூமில் கறுப்பு தலை காட்டும்போதெல்லாம், வேலை செய்த இடத்தில் மிஞ்சிய எனாமலை ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவான். அரை மணி நேரத்தில் சுவர் கண்ணாடி மாதிரி மின்னும். அவளும் கைதட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நாளில் கறுப்பு மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

"இப்பவே அடிச்சுட்டுப் போங்களேன்."

"சைட்டுல ஆள் காத்திருக்காங்கம்மா. நீ எதையும் தேய்ச்சு வைக்காதே. தேய்ச்சா பெயிண்ட் போயிடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

போகுமுன் உள்ளறையை எட்டிப் பார்த்தான். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாலு என்று பெயர் வைத்தவனே அவன்தான். வீட்டில் ஒரு பொருளை இருந்த இடத்தில் இருக்கவிடாத பிள்ளை. இப்போது இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்து, வாயைத் திறந்துகொண்டு, மூச்சை எண்ணி எண்ணி விடுகிற மாதிரி படுத்திருந்தாள். தலைமாட்டில் அவள் பிறந்தநாளுக்கு அப்பன் வரைந்துகொடுத்த பலகை. சுவரின் பாதியை மறைக்கிற பெரிய பலகை, அதில் ஒரு மரம், மரம் நிறையப் பறவைகள். அந்தப் பறவைகளோடு சண்டைபோட்டு, சமாதானமாகி, அதற்குப் பிறகுதான் வாலு தினமும் தூங்குவாள்.

அவன் போனதும் தையல்காரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தேய்க்காதே என்றால் தேய்க்காமல் இருந்துவிடுவாளா? டாக்டரிடம் சொன்னதை உண்மையாக்கிவிட வேண்டும் என்கிற வெறி அவளுக்கு. வாளியில் ப்ளீச்சைத் தாராளமாக ஊற்றிக் கலந்தாள். உள்ளறைக் கதவைச் சாத்தினாள். நெடி பிள்ளைக்குப் போகக் கூடாதே என்று கதவடியில் ஒரு ஈரத் துண்டையும் சுருட்டி வைத்தாள். பாத்ரூமின் சின்ன ஜன்னலைத் திறக்கப் போனாள், அது அசையவில்லை. எனாமல் அடித்து அடித்துச் சட்டமும் கண்ணாடியும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன.

"பெயிண்டராம் பெயிண்டர்" என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்தாள்.

திட்டுக்குக் கீழே இரண்டு தேய் தேய்த்ததுமே பெயிண்ட் உப்பியது. நகத்தை விட்டு இழுத்தாள். ஆறிய பாலில் ஏடு வருகிற மாதிரி முழுசாக உரிந்துகொண்டு வந்தது. உள்ளே கரேலென்று இருந்தது. வெளியே தெரிந்த கறுப்பு புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது, இது ஒரே அப்பலாக அப்பியிருந்தது. மூடி வைத்த ஈரத் துணியின் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள். சிமெண்ட் பூச்சு பொதபொதவென்று உள்ளே போனது, விரலும் கூடவே போனது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சுவர் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டாமா?

"அண்ணி! என்ன, பாத்ரூமோட மல்யுத்தமா?"

வாசலில் நாத்தனார். விடிகாலை ஷிஃப்ட் முடித்துக் கைப்பையோடு நின்றாள். ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. கல்யாணமாகாத பெண், அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். வாய்க்குப் பூட்டே கிடையாது, மனசோ தங்கம்.

"இங்க வந்து பாரேன். எனக்குப் பயமா இருக்கு."

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துவிட்டது. "ஐயையே, என்ன அண்ணி இது, இவ்வளவு நாள் இதையா மூடி வெச்சிருந்தோம்?" என்றவள், கைப்பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். "கவலைப்படாதீங்க. எங்க ஹோட்டல்ல கக்கூஸ் கழுவுற அக்கா கிட்ட கொஞ்சம் வாங்கிட்டு வந்தேன். இதை ஊத்துனா எப்பேர்ப்பட்ட கறையும் ஓடிடும்னாங்க."

"ப்ளீச் போட்டிருக்கேனே."

"அதும் இருக்கட்டும், இதும் இருக்கட்டும். ரெண்டும் சேந்தா இன்னும் நல்லா எடுக்கும்ல?"

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த ஹோட்டலில் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடியும் வாஷ்பேசினும் இவளுக்கு. கக்கூஸும் ஆசிட்டும் வேறொருத்திக்கு. ஒருத்தி பாட்டிலை இன்னொருத்தி தொடுவதில்லை. அதனால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற சந்தர்ப்பம் அவளுக்கு வந்ததே இல்லை. தையல்காரிக்கோ நூலும் ஊசியும் தெரியும்.

நாத்தனார் மூடியைத் திருகி, சுவரோடு வழியும்படி ஊற்றினாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். சுவர் நுரைத்தது. அடுத்த மூச்சு உள்ளே போகவே இல்லை. தொண்டையில் யாரோ மிளகாய்ப் பொடியைக் கொட்டித் தேய்த்த மாதிரி இருந்தது. கண் தீயாக எரிந்தது. "வெளிய வா, வெளிய வா!" என்று தையல்காரி கத்தியது இருமலாகத்தான் வந்தது. நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னறைக்குப் பாய்ந்தாள். பாத்ரூம் கதவைக் காலாலேயே உதைத்துச் சாத்தினாள்.

இரண்டு பேரும் முன்னறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி இருமினார்கள்.

"செத்தேன்னு நெனச்சேன் அண்ணி" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வாயைக் கழுவு. நல்லவேளை, வாலு ரூம் கதவு சாத்தியிருக்கு. துண்டு வேற வெச்சிருக்கேன்."

அப்போதுதான் உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது.

ஒரு இருமல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுதான் தையல்காரியின் காலைத் தரையிலிருந்து பிய்த்தது. துண்டை எற்றிவிட்டுக் கதவைத் தள்ளினாள். தள்ளியதும் திகைத்துப்போனாள். முன்னறையில் கூட இவ்வளவு நெடி இல்லை. மூடிக்கிடந்த அறைக்குள் கண்ணைத் திறக்க முடியாமல் எரிந்தது.

வாலு படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதைத் தொடுகிற அளவுக்கு ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்வாங்கியது. அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள், "அம்மா" என்கிற வார்த்தை வரவில்லை. காற்றுதான் கீச்சென்று வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயோ என் கண்ணே! என் ராசாத்தி!"

பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். எப்படிப் படி இறங்கினாள், செருப்பு போட்டாளா, ஒன்றும் தெரியாது. பின்னாலேயே நாத்தனார் பஃப் மருந்தும் அதற்கான குழாயுமாக ஓடி வந்தாள். வாசல் மரத்தடியில் உட்கார வைத்து, குழாயை வாயில் பொருத்தி அழுத்தினார்கள். "இழு தங்கம், இழு. அத்தையைப் பாரு. பலூன் ஊதுவியே, அதைத் திருப்பிப் பண்ணு" என்று கெஞ்சினாள் நாத்தனார். குழாய் பிள்ளையின் பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு தடவைக்கு அப்புறம் நீலம் கொஞ்சம் குறைந்தது. இரைப்பு குறையவில்லை. தெருமுனையில்தான் கிளினிக். அங்கே போய்ச் சேரும்வரை தையல்காரியின் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேனா?

டாக்டரம்மா வாலுவுக்கு மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகையை விட்டாள், ஆக்சிஜன் வைத்தாள், முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். வாலுவின் தோள் மெதுவாக இறங்கியது. முகத்தில் ரத்தம் வந்தது. கடைசியில், மாஸ்க்குக்குள்ளிருந்து "தண்ணி" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் தையல்காரி சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள்.

"என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

இந்தத் தடவை பொய் வரவில்லை. ப்ளீச், ஆசிட், கறுப்புச் சுவர், உள்ளே போன விரல், எல்லாவற்றையும் கொட்டினாள். "அன்னிக்கும் பொய்தான் சொன்னேன் டாக்டர். வீட்டை நாறடிச்சு வெச்சிருக்கான்னு நெனச்சுடுவீங்களோன்னு வெக்கமா இருந்துச்சு."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அடக்கிக்கொண்டாள். "ரெண்டையும் கலந்தா அது விஷக் காத்தும்மா. பெரியவங்களுக்கே நெஞ்சு அடைச்சுடும். இந்தப் பிள்ளை பொழைச்சது உங்க நல்ல நேரம்." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா ஒண்ணு புரியல. ரூம் கதவைச் சாத்தி, அடியில துணியும் வெச்சிருந்தீங்கன்னா, அவளுக்கு இவ்வளவு எப்படிப் போச்சு?"

தையல்காரி நாத்தனாரைப் பார்த்தாள். அவளும் முழித்தாள்.

"நீ இங்க இரு. நான் போய் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுப் பாத்துட்டு வரேன்" என்றாள் தையல்காரி.

"அண்ணி, தனியாப் போகாதீங்க."

"பாக்காம எனக்கு மூச்சு வராது. பிள்ளையை விட்டு நகராதே" என்றபடி கிளம்பிவிட்டாள்.

ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். முன்னறை ஜன்னல், சமையலறை ஜன்னல், உள்ளறை ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்தாள். பாத்ரூம் கதவையும் திறந்து வைத்துவிட்டு வெளியே ஓடிவந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். நெடி அடங்கியதும் மறுபடி உள்ளே போனாள்.

உள்ளறையில் நின்று மூக்கை நீட்டினாள். கதவருகே வாசனை இல்லை. ஜன்னலருகே இல்லை. கட்டிலருகே போகப் போகத்தான் தொண்டை காறியது. தலையணையை முகர்ந்தாள். பலகையை முகர்ந்தாள். நெடி அதன் விளிம்பிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. கூடவே காலையில் பாத்ரூமில் அடித்த அதே ஈரத் துணி நாற்றம்.

மரமும் பறவைகளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். அது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கட்டிலை இழுத்தாள். பலகையின் கீழ் விளிம்பு ஊறிப்போய் உப்பியிருந்தது. திருகாணிகளின் தலைமேல்கூட பெயிண்ட் பூசியிருந்தது, யாரும் கழற்றிவிடக் கூடாது என்கிற மாதிரி.

ஓடிப்போய்த் தையல் மெஷின் டிராயரிலிருந்து குட்டித் திருப்புளியைக் கொண்டுவந்தாள். ஒன்று கழன்றது. இரண்டாவது துருவோடு உடைந்தது. மூன்றாவதைத் திருக வேண்டிய அவசியமே இல்லாமல் பலகை தன் கனத்தாலேயே சாய்ந்து கட்டில்மேல் விழுந்தது.

தையல்காரி ஓவென்று கத்திவிட்டாள்.

சுவர் முழுக்கக் கறுப்பு. தரையிலிருந்து அவள் தோளுயரத்துக்குக் கரும்பச்சையும் கறுப்புமாக, சில இடங்களில் பூனை மயிர் மாதிரி மெத்தென்று முளைத்திருந்தது. பலகையின் முதுகிலும் அதே முளைப்பு. பிள்ளை தலை வைக்கிற இடத்துக்கு நேராகப் பூச்சு உதிர்ந்து, குழாய் போகிற இடத்தில் ஒரு பொந்து. குனிந்து பார்த்தாள். பொந்து வழியாகப் பாத்ரூம் விளக்கு தெரிந்தது.

இதன் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் அவள் பிள்ளை தூங்கினாள். இதோடுதான் கதை பேசினாள். ஜுரம் வந்தால், "ஓய்வெடு தங்கம்" என்று இந்த இடத்தில்தான் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.

அப்புறம் இன்னொன்றைப் பார்த்தாள். கறுப்புக்கு நடுவே அங்கங்கே வெள்ளை தெரிந்தது. பெயிண்டுக்கு முன்னால் சுவரைச் சமன்செய்யப் பட்டி பூசிய தடம். அதன்மேல் எனாமல். அதன்மேல் இன்னொரு தடவை எனாமல். பிரஷ்ஷை இழுத்து முடிக்கிற இடத்தில் இடது பக்கமாக ஒரு சின்னச் சுழிப்பு. இந்த ஊரில் எத்தனை பேர் பெயிண்ட் அடித்தாலும், அந்தச் சுழிப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவன் இடதுகைக்காரன்.

"என்னம்மா, கதவு ஜன்னலெல்லாம் திறந்து கெடக்கு? நெடி வேற அடிக்குது..."

பெயிண்டர் கையில் டப்பாவும் பிரஷ்ஷுமாக உள்ளறை வாசலில் வந்து நின்றான். சுவரைப் பார்த்தான். கட்டில்மேல் கிடந்த பலகையைப் பார்த்தான். டப்பாவைக் கீழே வைத்தான்.

"வாலு எங்க?"

"கிளினிக்ல. மூச்சு நின்னு, நீலமாயி, தூக்கிட்டு ஓடினேன்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இப்ப பரவாயில்ல. பொழைச்சுக்கிட்டா."

அவன் தொப்பென்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்குறேன்ல? தெரிஞ்சுதான் இந்தப் பலகையை அடிச்சீங்களா?"

"பாத்ரூம் பக்கம் எனாமல் அடிச்சேன். உள்ள குழாய் கசியுது போல. அந்தப் பக்கம் வழி அடைச்சதும் தண்ணி இந்தப் பக்கம் வந்துடுச்சு. இங்கயும் பட்டி பாத்து அடிச்சேன், நிக்கல. ரெண்டாவது தடவை அடிச்சேன், அதுவும் நிக்கல. அவ பிறந்தநாள் வந்துச்சு..."

"அதனால மரம் வரைஞ்சு மூடிட்டீங்க."

"மறைக்கத்தான் செஞ்சேன். ஆனா அவ சந்தோஷப்பட்டாளேம்மா."

"சந்தோஷப்பட்டா! அப்புறம்தானே இருமல் வந்துச்சு? அவ ஒவ்வொரு தடவையும் இருமும்போது உங்களுக்கு ஒண்ணும் தோணலையா? நீங்கெல்லாம் ஒரு அப்பனா?"

அந்த வார்த்தை அவனைச் சுட்டது. "தோணுச்சு. தெனமும் தோணுச்சு" என்றான். "போன வீட்டுல கூரை ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். என்ன ஆச்சு? பிடிக்கலைன்னா காலி பண்ணுன்னாங்க. வாலுவைத் தோள்ல போட்டுக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கினோமே, மறந்துட்டியா? இந்தம்மாகிட்ட சொன்னா வீடும் போகும், அவங்க குடுக்குற வேலையும் போகும். சுவர்தானே, நம்ம கையில இருக்கிற தொழில்தானே, சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். பயந்துட்டேன்டி."

அவளுக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பயந்து பொய் சொன்னது அவன் மட்டுமா? ஆனால் அந்தப் பாவத்துக்கெல்லாம் இப்போது இடம் கொடுக்க அவள் தயாராக இல்லை.

படியில் காலடி கேட்டது. நாத்தனார் வாலுவைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னாங்க அண்ணி. ஆனா அந்த ரூம் பக்கமே போகக் கூடாதாம். காத்தோட்டமா இருக்கிற இடத்துல வெச்சுப் பாத்துக்கணுமாம். மறுபடி இரைச்சா அந்த நிமிஷமே வரணுமாம்." உள்ளறை வாசல் வழியே சுவரைப் பார்த்தவள், "அட கடவுளே" என்று பிள்ளையின் முகத்தைக் கையால் மூடித் திருப்பிக்கொண்டாள்.

முன்னறை ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து, சுவரோரமாகத் தலையணை அடுக்கி வாலுவைச் சாய்த்தாள் தையல்காரி. பிள்ளை அப்பாவைப் பார்த்துச் சோர்வாகச் சிரித்தாள்.

"அப்பா, எனக்கு மூச்சு ஓடிப்போச்சு. அத்தை புடிச்சுட்டு வந்துட்டாங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வாலு கண் அயர்ந்தாள். தையல்காரி அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏறியது. இறங்கியது. இன்னும் அடியில் லேசாக ஒரு கரகரப்பு இருந்தது.

தையல்காரியின் போன் ஒலித்தது. நாத்தனார்தான் எடுத்தாள். பேசிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டுக்காரம்மா. கிளம்பிட்டாங்களாம், வழியில இருக்காங்களாம். அண்ணா, என்ன பண்றது? பலகையைத் திருப்பி மாட்டிடுவோமா? அவங்க போனதும் பாத்துக்கலாமே?"

பெயிண்டர் சட்டென்று எழுந்தான். அவன் கண் டப்பாவின் பக்கம் போனது. தையல்காரி அதைப் பார்த்துவிட்டாள்.

"தொட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"இல்ல... நான்..."

"வரட்டும். வந்து பாக்கட்டும். வெளிய போன்னா போவோம். தெருவுல கூட காத்து நல்லாத்தான் இருக்கு." சொன்னாளே தவிர, அவளுக்கும் பயம்தான். ராத்திரிக்குப் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது? கேட்டதும் கதவைத் திறக்கிற உறவு என்று இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? "ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். இன்னிக்கு ராத்திரி இந்த வீட்டுல என் பிள்ளை எந்த இடத்துல மூச்சு விடலாம்? அதைச் சொல்லுங்க. எங்கெங்க அடிச்சு மூடியிருக்கீங்க?"

"அந்த ஒரு சுவர்தாம்மா."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் பார்க்கவில்லை.

"அண்ணா!" என்றாள் நாத்தனார். அவள் குரலில் இருந்த விளையாட்டெல்லாம் போய்விட்டது. "சொல்லித் தொலை."

அவன் மெதுவாக நடந்தான். சமையலறை வாசலுக்குப் போனான். சிங்க்குக்குப் பின்னால் இருந்த சுவரில் கையை வைத்தான். நேற்றுக்கூட அந்தச் சுவரைத் துடைக்கும்போது, எவ்வளவு சுத்தமாக வெள்ளையாக இருக்கிறது என்று தையல்காரி நினைத்திருக்கிறாள். அவன் கையை எடுத்து, அலமாரியின் பக்கவாட்டைத் தொட்டான். "இதுக்குப் பின்னாடி" என்றான். பிறகு கை மட்டும் காட்டியது. தையல் மெஷின் இருக்கும் மூலை. கூரையில் மின்விசிறிக்கு அப்பால் ஒரு வட்டம். அவன் காட்டக் காட்ட, அவளுக்கு வீடு நாலா பக்கமும் நெருங்கி வருகிற மாதிரி இருந்தது. இவ்வளவு நாளும் தான் குடியிருந்தது சுவர்களுக்கு நடுவிலா, பெயிண்டுக்கு நடுவிலா என்று அவளுக்குத் தோன்றியது.

"அவ்வளவுதானா?"

அவன் நின்றுவிட்டான். முன்னறைக்கு நடுவில், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"கேக்குறேன்ல, அவ்வளவுதானா?"

அவன் ஜன்னலை நோக்கி இரண்டு எட்டு வைத்து, பாயருகே மண்டியிட்டான். தலையணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த மகளின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, சுவரில் படாமல், மெல்லத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

நாத்தனாரின் கையிலிருந்து போன் நழுவிப் பாயில் விழுந்தது. தையல்காரி எழுந்து, வாசல் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"எங்க போறோம்ப்பா?" என்றாள் வாலு, கண்ணைத் திறக்காமல்.

மாடிப்படியில் வீட்டுக்காரம்மாவின் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.